பொருந்திவிட்டால் ஏன் உடைய வேண்டும்? நொதி பற்றி ஒரு மாணவியின் கேள்வி

வகுப்பறை ஜன்னல்

பதினொன்றாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். போன வாரம் நொதிகள் பாடம், அதாவது உடம்பின் வேதிவினைகளை வேகப்படுத்தும் பொருள்கள். பலகையில் வழக்கமான மலையை வரைந்தேன். இந்தப் பக்கம் தளப்பொருள் (நொதி மாற்றப்போகும் மூலக்கூறு), அந்தப் பக்கம் விளைபொருள், நடுவில் ஏறி இறங்க வேண்டிய மேடு. நொதி வந்தால் மேடு தாழும் என்று புள்ளிக்கோட்டில் சின்னதாக இன்னொரு மேடும் போட்டேன். பக்கத்திலேயே பூட்டும் சாவியும்: நொதி பூட்டு, தளப்பொருள் சாவி.

ஒரு மாணவி எழுந்தாள். "சாவி பூட்டுக்குள்ள அவ்வளவு கச்சிதமா உட்கார்ந்துட்டா அது பாட்டுக்கு அங்கேயே இருக்கும்தானே? பொருந்தினதுக்காக எதுக்கு உடையணும்?"

பன்னிரண்டு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். என்னிடம் பதில் இல்லை. திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். புத்தகத்தில் "நொதி கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது" என்று ஒரே வரி. கிளர்வு ஆற்றல் என்பது அந்த மேட்டின் உயரம். எப்படிக் குறைக்கிறது என்பதைத்தான் அவள் கேட்கிறாள். அவளுடைய இரண்டாவது கேள்வி: வேலை செய்து செய்து நொதி தீர்ந்துபோகாதா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

கணக்குப்புலி

டீச்சர், 'எப்படி' என்பதை உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு விட்டுவிடுகிறேன். 'எவ்வளவு' என்பதை நான் சொல்கிறேன். அந்தப் புள்ளிக்கோட்டு மேட்டை நாம் வரைகிற விதத்தில், நொதி ஏதோ கொஞ்சம் உதவுவதுபோலத் தோன்றிவிடுகிறது.

அறை வெப்பநிலையில் மேட்டின் உயரம் மோலுக்கு சுமார் 5.7 கிலோஜூல் குறைந்தால் வினையின் வேகம் 10 மடங்காகும். இன்னொரு 5.7 குறைந்தால் 100 மடங்கு. பத்து முறை, அதாவது 57 கிலோஜூல் குறைந்தால் ஆயிரம் கோடி மடங்கு. உயரம் கூட்டல் கணக்கில் குறைகிறது, வேகமோ பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஓரிரு ஹைட்ரஜன் பிணைப்புகள் சரியான இடத்தில் கூடுதலாக அமைந்தாலே ஒரு 5.7 வந்துவிடும். இத்தனை சின்ன மூலக்கூறு எப்படி இவ்வளவு செய்கிறது என்ற மலைப்புக்கு இந்தக் கணக்கு பாதி விடை.

புதுவரவு

கல்லூரி முதலாண்டு மாணவன். ஒரு சந்தேகம். அப்படியென்றால் நொதி தன்னிடம் உள்ள ஆற்றலைத் தளப்பொருளுக்குக் கொடுத்து மேட்டின்மேல் தள்ளிவிடுகிறதா? நான் இதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கணக்குப்புலி

இல்லை தம்பி. நொதி ஆற்றல் எதுவும் தருவதில்லை. மேட்டில் ஏறத் தேவையான ஆற்றல் சுற்றியுள்ள மூலக்கூறுகள் வெப்பத்தால் முட்டி மோதிக்கொள்வதிலிருந்தே வருகிறது. எந்த நேரத்திலும் சில மூலக்கூறுகளிடம் ஆற்றல் அதிகமாக இருக்கும். மேடு உயரமாக இருந்தால் கோடியில் ஒன்றுகூட அதைத் தாண்டாது. தாழ்ந்தால் நிறைய தாண்டும்.

இன்னொன்று. மேடு தாழ்ந்தால் இரண்டு பக்கத்திலிருந்து வருபவர்களுக்கும் தாழ்வுதான். முன்னோக்கிய வினை ஆயிரம் மடங்கு வேகமானால் பின்னோக்கிய வினையும் அதே ஆயிரம் மடங்கு வேகமாகும். ஆகவே சமநிலை எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். அங்கே போய்ச் சேரும் நேரம்தான் குறைகிறது. நடக்கவே நடக்காத வினையை எந்த நொதியாலும் நடத்திவிட முடியாது.

நீலமை

புலி சொன்னதற்கு நம் உடம்புக்குள்ளேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது: சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ். திசுக்களில் கார்பன் டை ஆக்சைடு அதிகம். அங்கே இந்த நொதி அதைத் தண்ணீரோடு சேர்த்து பைகார்பனேட் ஆக்குகிறது. அதே அணு நுரையீரலுக்குப் போகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு குறைவு. இப்போது அதே நொதி பைகார்பனேட்டைத் திரும்பவும் வாயுவாக்கி விடுகிறது. நொதிக்குத் திசை தெரியாது. எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் வேலை நடக்கிறது.

நொதி இல்லாமலும் இந்த வினை நடக்கும், ஆனால் பல விநாடிகள் பிடிக்கும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு. வாயு வெளியேறக் கிடைக்கும் அவகாசமே அவ்வளவுதான். நொதி இல்லாவிட்டால் அணு நுரையீரலைத் தாண்டிப் போன பிறகும் வினை முடிந்திருக்காது. இந்த நொதியின் ஒரே ஒரு மூலக்கூறு விநாடிக்குச் சுமார் 10 லட்சம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைக் கையாளுகிறது. இதை முதன்முதலில் படித்த அன்று, மூச்சுவிடுவதைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். பூட்டு, சாவி என்பது எமில் ஃபிஷர் 1894-ல் சொன்ன உவமை. அது பழசாகிவிட்டது. 1958-ல் டேனியல் கோஷ்லண்ட் அதைத் திருத்தினார். நொதி இறுக்கமான பூட்டு அல்ல, தளப்பொருள் வந்ததும் அதற்கேற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் என்றார். கையுறைக்குள் கை போவது மாதிரி. இதைச் சொன்னால் போதும் டீச்சர்.

வகுப்பறை ஜன்னல்

நன்றி நீலமை. நுரையீரல் உதாரணத்தை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் கையுறையைச் சொன்னால் அவள் விடமாட்டாள். "கை நல்லாப் பொருந்திடுச்சு, சரி, அதுக்காக விரல் ஏன் உடையணும்?" என்பாள். கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

பழைய பிப்பெட்

அந்தப் பெண்ணின் கேள்வி எந்த இடத்தில் குத்துகிறது என்று பார்க்கிறேன். நொதியியலின் மையமே அதுதான். முப்பது வருடம் இந்தத் துறையில் வேலை பார்த்தவன், இப்போது ஓய்வில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொல்வது முற்றிலும் சரி. தளப்பொருளுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் நொதி உருப்படாத நொதி. தளப்பொருள் வந்து சுகமாக உட்கார்ந்துவிட்டால் அதன் ஆற்றல் இன்னும் கீழே இறங்கிவிடும். அதாவது பள்ளம் ஆழமாகிவிடும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டிய தூரம் குறைவதற்குப் பதில் கூடிவிடும். அப்படிப்பட்ட புரதத்துக்குப் பொறி என்று பெயர் வைக்கலாம், வினையூக்கி என்று வைக்க முடியாது.

அப்படியென்றால் நொதியின் குழிவு எதற்குப் பொருந்துகிறது? மேட்டின் உச்சியில் இருக்கும் நிலைக்கு. தளப்பொருளாகவும் இல்லாமல் விளைபொருளாகவும் இல்லாமல், பழைய பிணைப்பு பாதி அறுந்து, புதிய பிணைப்பு பாதி உருவாகி, ஒரு கணத்துக்கும் மிகச் சிறிய நேரம் மட்டும் இருந்து மறைகிற ஒரு வடிவம் உண்டு. அதற்கு இடைநிலை என்று பெயர். தனியாகத் தண்ணீரில் அது தாங்கவே முடியாத நிலை. நொதியின் குழிவு, அதாவது அதன் செயல்மையம், அந்த வடிவத்துக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கிறது. தளப்பொருள் உள்ளே வரும்போது ஓரளவுதான் பொருந்துகிறது. அது இடைநிலையை நோக்கி வளைய வளையப் பொருத்தம் கூடுகிறது. உச்சியில் பொருத்தம் முழுமையாகிறது. தாண்டி மறுபக்கம் இறங்கியதும் பொருத்தம் தளர்ந்து விளைபொருள் நழுவிப் போய்விடுகிறது.

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1930-லேயே இதைத் தொட்டுவிட்டார். சாவி பூட்டுக்கு முழுதாகப் பொருந்துவதில்லை, பொருந்தும்போது கொஞ்சம் இழுவிசை உண்டாகிறது என்ற பொருளில் எழுதினார். 1940-களில் லினஸ் பாலிங் அதைத் தெளிவாக்கினார்: நொதி இறுகப் பிடிப்பது இடைநிலையை.

ஆக, அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு குச்சியை உடைக்க ஒரு கருவி செய்ய வேண்டும். நேரான குச்சிக்கு ஏற்ற நேரான உறை செய்தால் குச்சி பத்திரமாக இருக்கும். உடையும் தறுவாயில் குச்சி எப்படி வளைந்திருக்குமோ அந்த வளைவில் உறை செய்தால்? அதற்குள் போகிற குச்சி ஒவ்வொன்றும் பாதி உடைந்த மாதிரிதான்.

புதுவரவு

குச்சி உதாரணம் நன்றாகப் புரிகிறது சார். ஆனால் இது அழகான கற்பனையாக மட்டும் இருக்கலாமே? ஒரு கணம்கூட நிற்காத ஒன்றுக்கு நொதி பொருந்துகிறது என்று யார் எப்படிப் பார்த்தார்கள்?

பழைய பிப்பெட்

நேராகப் பார்ப்பது கடினம். ஆனால் கருத்து சரியென்றால் நடக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு, இரண்டும் நடந்தன.

முதலாவது: இடைநிலையைப் போலவே தோற்றமுள்ள, ஆனால் உடையாத ஒரு மூலக்கூறைச் செய்து நொதியிடம் கொடுத்தால், நொதி தன் சொந்தத் தளப்பொருளைவிட அதை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. பல நொதிகளில் ஆயிரக்கணக்கான மடங்கு, சிலவற்றில் லட்சக்கணக்கான மடங்கு இறுக்கமாக. இதை வைத்து மருந்துகளே செய்கிறார்கள். இன்ஃபுளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் நொதியைத் தடுக்கும் சானாமிவிர் அப்படி வடிவமைத்த மருந்துதான்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. நம் நோயெதிர்ப்பு அமைப்பு எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் அதற்குப் பொருந்தும் எதிர்ப்புரதம் செய்யும். சரி, இடைநிலையைப் போன்ற மூலக்கூறைக் கொடுத்து எதிர்ப்புரதம் செய்ய வைத்தால்? 1986-ல் ரிச்சர்ட் லெர்னர் குழுவும் பீட்டர் ஷுல்ட்ஸ் குழுவும் தனித்தனியாக இதைச் செய்து காட்டினார்கள். பிடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாத எதிர்ப்புரதம், வினையை ஊக்கத் தொடங்கியது. உண்மையான நொதிகளோடு ஒப்பிட்டால் வேகம் மிகவும் குறைவு. ஆனாலும் இடைநிலைக்குப் பொருந்தும் ஒரு குழிவு இருந்தாலே வினையூக்கியாக முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கேட்க முடியாது.

நீலமை

ஐயா சொல்வதை ஏற்கிறேன். கையுறையோடு நிறுத்திக்கொண்டது என் தவறு. ஆனால் கோஷ்லண்டை ஒதுக்கிவிடவும் கூடாது. நொதி ஏன் அசைய வேண்டும் என்பதற்கு ஹெக்சோகைனேஸ் ஒரு நல்ல காரணம் வைத்திருக்கிறது.

அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து குளுக்கோஸில் ஒட்டுகிற நொதி. குளுக்கோஸின் ஓர் ஓரத்தில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிதான் பாஸ்பேட்டைப் பிடிக்கிறது. தண்ணீரிலும் அதே தொகுதி இருக்கிறது, தண்ணீரோ சுற்றிலும் கொட்டிக் கிடக்கிறது. அப்படியிருந்தும் பாஸ்பேட் தண்ணீருக்குப் போய் ஏடிபி வீணாகாதது ஏன்? குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் நொதியின் இரண்டு மடல்களும் வாய் மூடுவதுபோல மூடிக்கொள்கின்றன. தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது. தண்ணீர் மூலக்கூறு மட்டும் வந்தால் அது வாயை மூடவைக்கும் அளவுக்குப் பெரியதில்லை. இறுக்கமான பூட்டாக இருந்தால் இந்தப் பாகுபாடு சாத்தியமே இல்லை.

கணக்குப்புலி

தம்பி முதலில் கேட்டதற்கும் இதிலேயே மீதிப் பதில் இருக்கிறது. குளுக்கோஸில் பாஸ்பேட்டை ஒட்டுவது தனியாகப் பார்த்தால் மேல்நோக்கிய வினை, திட்ட நிலையில் சுமார் 14 கிலோஜூல் ஏற்றம். ஏடிபி உடைவது சுமார் 30 கிலோஜூல் இறக்கம். நொதி இரண்டையும் ஒரே வினையாகக் கோத்துவிடுகிறது. மொத்தத்தில் 16, 17 கிலோஜூல் இறக்கம், அதனால் நடக்கிறது. ஆற்றலைக் கொடுத்தது ஏடிபி. நொதி செய்தது, இரண்டும் தனித்தனியாக நடக்க முடியாதபடி சேர்த்துக் கட்டியது.

மழைத்துளி

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேதியியல் பின்னணி இல்லை. என் மகனுக்குப் பிறந்ததிலிருந்து ஃபீனைல்கீட்டோனூரியா. ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் என்ற ஒரே ஒரு நொதி அவனுக்குச் சரியாக வேலை செய்யாது. உணவில் வரும் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் டைரோசினாக மாறாமல் இரத்தத்தில் தேங்கும், மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்றார்கள். பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் கண்டுபிடித்ததால் ஆரம்பத்திலேயே உணவைக் கட்டுப்படுத்திவிட்டோம். இப்போது ஒன்பது வயது, நன்றாகப் படிக்கிறான்.

ஆயிரக்கணக்கான நொதிகளில் ஒன்று பழுதானால் இவ்வளவா என்று ஆரம்பத்தில் இரவெல்லாம் யோசிப்பேன். என் கேள்வி இதுதான். மருத்துவர் அவனுக்கு சாப்ரோப்டெரின் என்ற மாத்திரை கொடுத்துப் பார்த்தார், அளவு நன்றாகக் குறைந்தது. அது நொதி இல்லை, "துணைக்காரணி" என்றார். நொதியே பழுது என்னும்போது துணைக்காரணி எப்படி உதவுகிறது?

பழைய பிப்பெட்

அம்மா, உங்கள் மகன் நன்றாக இருப்பது அறிந்து மனது நிறைந்தது. குதிகால் இரத்தப் பரிசோதனையை 1960-களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி கொண்டுவந்தார். நொதியியல் மனிதருக்குச் செய்த பெரிய நன்மைகளில் அதை நான் முதலில் வைப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பல நொதிகள் புரதத்தை மட்டும் வைத்து வேலை செய்ய முடியாதவை. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் 20 வகைதான். அவற்றால் முடியாத வேதியியலுக்கு வெளியிலிருந்து ஒரு கருவி வேண்டும். சிலவற்றுக்கு அது உலோக அயனி. நீலமை சொன்ன கார்பானிக் அன்ஹைட்ரேஸின் நடுவில் ஒரு துத்தநாக அயனி இருக்கிறது; தண்ணீர் தன் புரோட்டானை எளிதில் விட்டுக்கொடுக்கும்படி செய்வது அதுதான். வேறு சிலவற்றுக்கு வைட்டமின்களிலிருந்து வரும் துணைநொதிகள். பி வைட்டமின்கள் நமக்கு ஏன் மிகச் சிறிய அளவில் போதும் என்பதற்கும் இதுவே காரணம். அவை எரிந்து தீர்கிற எரிபொருள் அல்ல, திரும்பத் திரும்பப் பயன்படும் கருவி.

ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸுக்கு இரும்பும் டெட்ராஹைட்ரோபயோப்டெரினும் வேண்டும். மாத்திரையில் இருப்பது இரண்டாவது. உங்கள் மகனிடம் நொதி அடியோடு இல்லாமல் போகவில்லை, அமினோ அமிலம் ஒன்று மாறியதால் மடிப்பு, அதாவது சங்கிலி மடிந்து நிற்கும் வடிவம், தளர்ந்த நொதியாக இருக்க வேண்டும். துணைக்காரணி அதிகமாகக் கிடைக்கும்போது அது தளர்ந்த புரதத்தில் வந்து உட்கார்ந்து, மடிப்பு குலையாமல் தாங்கிப் பிடிக்கிறது. நொதி உருவாகவே உருவாகாதவர்களுக்கு இந்த மாத்திரை உதவாது. இதனால் எல்லோருக்கும் அது பலன் தருவதில்லை.

மழைத்துளி

ஒன்பது வருடத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. தாங்கிப் பிடிக்கிறது என்ற ஒரு வார்த்தை போதும். நன்றி ஐயா.

ஓரத்து நாற்காலி

அப்படியானால் கடைகளில் விற்கும் நொதி மாத்திரைகளை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமே? உடல் முழுதும் நொதி கூடும், சோர்வு போகும் என்று போட்டிருக்கிறார்கள்.

நீலமை

அதை நம்ப வேண்டாம் நண்பரே. நொதி பெரும்பாலும் புரதம். விழுங்கிய புரதம் இரைப்பையில் அமிலத்தில் மடிப்பிழக்கும், பெப்சின் அதை வெட்டும், மீதியைக் குடல் பார்த்துக்கொள்ளும். மிஞ்சுவது அமினோ அமிலங்கள். அவை செல்லுக்குள் முழு நொதியாகப் போய்ச் சேராது. கணையம் போதிய நொதி சுரக்காதவர்களுக்கு மருத்துவர்கள் கொடுக்கும் கணைய நொதி வேறு விஷயம். அமிலத்தைத் தாங்கும் பூச்சோடு அது குடல்வரை போய், குடலின் உள்ளேயே கொழுப்பையும் புரதத்தையும் மாவுச்சத்தையும் உடைக்கிறது. வேலை நடக்கும் இடமே குடல் என்பதால் அங்கே அது பயன்படுகிறது.

வகுப்பறை ஜன்னல்

பிப்பெட் ஐயா, இன்னும் ஒரு படி உதவுங்கள். குச்சியை வைத்து முதல் கேள்வியைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அவள் "நிஜமா ஒரு நொதியில் இது எப்படி நடக்குதுன்னு காட்டுங்க" என்பாள். பள்ளி அளவில் சொல்லக்கூடிய ஒரு நொதி?

பழைய பிப்பெட்

கைமோட்ரிப்சின். கணையம் தருவது, புரதச் சங்கிலியை வெட்டுவது. நொதி இல்லாமல் வெறும் தண்ணீரில், அந்தச் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளில் பாதி உடையவே சில நூறு ஆண்டுகள் ஆகும். கைமோட்ரிப்சின் விநாடிக்குப் பல பிணைப்புகளை வெட்டும்.

வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு கார்பன் இருக்கிறது. அதைச் சுற்றி மூன்று அணுக்கள், எல்லாம் ஒரே தளத்தில், தட்டையாக. அந்த மூன்றில் ஒன்று ஆக்சிஜன். நொதியில் 195-ஆவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் உண்டு. சாதாரணமாக செரின் சாதுவானது, யாரையும் தாக்காது. ஆனால் பக்கத்தில் 57-ஆவது அமினோ அமிலமான ஹிஸ்டிடின் அதன் புரோட்டானை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறது. அந்த ஹிஸ்டிடினைத் தோதாகப் பிடித்து நிறுத்த 102-ஆவது அஸ்பார்டேட். சங்கிலியில் எங்கெங்கோ தள்ளித்தள்ளி இருப்பவை, புரதம் மடிந்ததால் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. புரோட்டான் கைமாறியதும் செரினின் ஆக்சிஜன் அந்தக் கார்பனைத் தாக்குகிறது.

இப்போது கவனியுங்கள். கார்பனைச் சுற்றி நான்கு அணுக்கள் ஆகிவிட்டன. தட்டையாக இருந்தது நான்முகியாக உப்புகிறது. அதன் பழைய ஆக்சிஜன் எதிர்மின்சுமையோடு இடம் பெயர்ந்து வெளியே துருத்துகிறது. தண்ணீரில் தனியாக நடந்திருந்தால் இது மிகக் கடினமான கட்டம். ஆனால் சரியாக அந்த ஆக்சிஜன் துருத்தும் இடத்தில் நொதி ஒரு சின்னக் குழி வைத்திருக்கிறது. குழியின் விளிம்பில் நைட்ரஜன்–ஹைட்ரஜன் தொகுதிகள் இரண்டு. தட்டையாக இருந்தவரை ஆக்சிஜனுக்கு அவை சரியாக எட்டவில்லை. உப்பிய பிறகுதான் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் நன்றாக அமைகின்றன. குச்சியின் வளைவுக்கு ஏற்ற உறை என்று சொன்னேனே, அது இந்தக் குழிதான். புலி சொன்ன 5.7 கிலோஜூல் கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள்.

பிறகு சங்கிலி அறுந்து ஒரு பாதி வெளியேறும். மறுபாதி செரினோடு ஒட்டியே இருக்கும். ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து அதே நாடகத்தை மறுபடி நடத்தி அதையும் விடுவிக்கும். செரினுக்கு அதன் புரோட்டான் திரும்பக் கிடைத்துவிடும். தீர்ந்துபோகாதா என்று உங்கள் மாணவி கேட்டதற்குப் பதில் இங்கே இருக்கிறது. நொதி ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. வினையில் முழுதாக இறங்குகிறது, நடுவில் தானும் மாறுகிறது, கடைசியில் பழையபடி ஆகிவிடுகிறது.

நீலமை

ஐயா, ஒரு மாற்றுக் கருத்தை மரியாதையோடு சொல்கிறேன். எல்லாப் பெருமையையும் இடைநிலைப் பொருத்தத்துக்கே கொடுத்தால், வினைபடும் தொகுதிகளைச் சரியான தூரத்தில், சரியான கோணத்தில் கொண்டுவந்து நிறுத்துவதன் பங்கு மறைந்துபோகாதா? செரினும் ஹிஸ்டிடினும் கரைசலில் சுதந்திரமாக அலைந்தால் சந்திப்பதே அரிது.

பழைய பிப்பெட்

மறையக் கூடாதுதான். இரண்டும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது, எந்த நொதியில் எது எவ்வளவு என்று இன்னும் வாதாடுகிறார்கள். நான் அவற்றை இரண்டாகப் பார்ப்பதில்லை. சரியான கோணம் என்பது இடைநிலைக்கு வேண்டிய கோணம். உச்சியில் என்ன தேவையோ அதை முன்கூட்டியே அடுக்கிவைத்திருப்பதும் பொருத்தத்தில் ஒரு பகுதி. ஆனால் நீங்கள் உடன்படாவிட்டாலும் சரி, வகுப்பில் இரண்டையும் சொல்லட்டும்.

எல்லையைச் சொல்ல ஓர் எண் தருகிறேன். ஆர்என்ஏவின் கட்டுமானத் துண்டுகளில் ஒன்றான யூரிடின் நியூக்ளியோடைடுகளைச் செல் தயாரிக்கும் வழியில் ஓரோட்டிடின் மோனோபாஸ்பேட் டிகார்பாக்சிலேஸ் என்று ஒரு நொதி. அது செய்யும் வினை நொதி இல்லாமல் பாதி முடிய சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று ரிச்சர்ட் வோல்ஃபெண்டன் குழு 1995-ல் கணக்கிட்டது. நொதியோடு ஒரு விநாடிக்குள் பல தடவை நடக்கிறது. வேக உயர்வு 1-க்குப் பின் 17 சுழியம் அளவில். இத்தனைக்கும் இந்த நொதியில் உலோகமும் இல்லை, துணைநொதியும் இல்லை. வெறும் அமினோ அமிலங்கள்.

புதுவரவு

அப்போது எல்லா நொதிகளும் இப்படி அதிவேகம்தானா?

நீலமை

இல்லை. தாவரங்களில் கார்பனை நிலைநிறுத்தும் ரூபிஸ்கோ விநாடிக்குச் சில மூலக்கூறுகளை மட்டுமே கையாளும், அதிலும் அவ்வப்போது கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதை ஈடுகட்டத் தாவரம் இலையில் ரூபிஸ்கோவைக் குவித்துவைக்கிறது. பூமியில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் ஒன்றாக அது இருப்பதற்கு அதன் மெதுவும் ஒரு காரணம்.

ஓரத்து நாற்காலி

நொதிகள் எல்லாமே புரதம் என்று படித்திருக்கிறேன். நீங்கள் மேலே "பெரும்பாலும்" என்றீர்கள்?

பழைய பிப்பெட்

நீலமை சரியாகத்தான் சொன்னார். ஜேம்ஸ் சம்னர் 1926-ல் யூரியேஸைப் படிகமாக்கி நொதி புரதம்தான் என்று காட்டியபோது பெரிய வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அவருக்கு நோபல் கிடைத்தபோது உலகம் நேரெதிராக, புரதம் அல்லாமல் நொதியே இல்லை என்று உறுதியாக நம்பியது. 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவரும் ஆர்என்ஏவும் வினையூக்கியாக இருக்கிறது என்று காட்டினார்கள். 1989-ல் அவர்களுக்கும் நோபல். பின்னால் இன்னொன்று தெரிந்தது. நம் செல்களில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமில் அந்தப் பிணைப்பை உண்டாக்கும் மையமே ஆர்என்ஏதான். எல்லாப் புரத நொதிகளும் ஓர் ஆர்என்ஏ வினையூக்கியின் மடியில்தான் பிறக்கின்றன.

வகுப்பறை ஜன்னல்

செவ்வாய்க்கிழமை மாலை எழுதுகிறேன். நேற்று வகுப்பு நடந்தது. குச்சியை வரைந்தேன், கைமோட்ரிப்சினின் குழியை வரைந்தேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துவிட்டு, "அப்ப நொதி தளப்பொருளைத் தேடலை, அது ஆகப்போறதைத் தேடுது" என்றாள். நான் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்று ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, உருளைக்கிழங்குத் துண்டுகள். துண்டில் உள்ள கேட்டலேஸ் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். பச்சைத் துண்டு உடனே நுரைத்தது. கொதிக்கவைத்து ஆறவைத்த துண்டு அசையவில்லை. கொதிநீரில் சங்கிலி அறுவதில்லை, மடிப்புதான் குலைகிறது, மடிப்பு போனால் செயல்மையம் இல்லை என்று சொன்னேன். ஐஸில் வைத்த துண்டு மெதுவாக நுரைத்தது. சூடு ஏறியதும் மற்றதோடு சேர்ந்துகொண்டது. குளிர் நொதியைக் கெடுப்பதில்லை, மெதுவாக்குகிறது என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் நுரைத்து ஓய்ந்த துண்டிலிருந்து திரவத்தை வடித்துவிட்டுப் புதுப் பெராக்சைடு ஊற்றினோம். மறுபடி நுரைத்தது. "தீரலை டீச்சர்!" என்று கத்தினார்கள். ஆனால் மூன்றாவது, நான்காவது முறை நுரை நன்றாகவே குறைந்தது. தீராது என்று சொன்ன பிறகு இது ஏன்? நாளை காலைக்குள் எனக்குப் பதில் வேண்டும்.

பழைய பிப்பெட்

குறைந்ததை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கு நன்றி. காரணம் இரண்டு. வெட்டிய பரப்பிலிருந்து கேட்டலேஸ் திரவத்தில் கசிகிறது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் கொஞ்சம் நொதியைச் சேர்த்தே கொட்டிவிட்டீர்கள். இது பெரிய காரணமாக இருக்கும். வடித்த திரவத்தில் புதுப் பெராக்சைடைச் சேர்த்தால் துண்டு இல்லாமலேயே நுரைக்கும், சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெராக்சைடு வீரியமான பொருள். அதிகச் செறிவில் அது கேட்டலேஸையே மெல்லச் சேதப்படுத்தும். வினையின் கணக்கில் நொதி செலவாவதில்லை என்பது உண்மை. ஆனால் அதுவும் ஒரு மூலக்கூறு, தேயும். செல்லுக்குள் பழைய நொதிகளை உடைத்துப் புதியவற்றைச் செய்யும் வேலை இடைவிடாமல் நடந்துகொண்டே இருக்கிறது. செல்லைவிட்டுத் திரவத்தில் கசிந்துவிட்ட நொதிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வகுப்பறை ஜன்னல்

வடித்த திரவத்தைக் கொட்டவில்லை, பீக்கரில் இருக்கிறது. நாளை முதல் பாடவேளையில் அவளையே ஊற்றச் சொல்கிறேன்.